கடற்காகங்களின் ஞாயிற்றுக்கிழமை

மே நடுவில், நோர்வேயின் தேசிய நாள் விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பிய காலையில், சலாதுக் கீரை வயலின் மூன்றாம் பகுதியைப் பார்த்து அனஸ்ரேசியா திகைத்துப்போய் நின்றார். இளங்கன்றுகளுக்குக் குளிரும் பூச்சியும் அண்டாமல் போர்த்தியிருந்த மெல்லிய வெள்ளைத் துணியின் மேல் இன்னொரு வெள்ளையை விரித்ததுபோலக் கடற்காகங்கள் உட்கார்ந்திருந்தன. நூற்றைம்பதுக்குக் குறையாது. சில இறகு கோதின. சில ஒற்றைக் காலில் நின்று கண்ணை மூடியிருந்தன. அவர் கையைத் தட்டிக்கொண்டு ஓடியதும் எல்லாம் ஒன்றாக எழும்பி, பெரும் இரைச்சலோடு ஒரு வட்டம் அடித்து, வயலின் மறுகோடியில் இறங்கின. அவர் அங்கே ஓடினார். அவை இங்கே வந்தன. மூச்சு வாங்கியபோதுதான், ஐம்பத்து மூன்று வயதில் பறவைகளோடு ஓடிப்பிடித்து விளையாடிக்கொண்டிருக்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது.

அந்தத் தோட்டம் லில்லெஸ்ட்ரோமிலிருந்து வடகிழக்கே, காரில் அரைமணி நேரத் தூரத்தில் இருக்கிறது. சுற்றிவரக் கோதுமையும் பார்லியும் விளையும் நிலம்; இடையிடையே ஊசியிலைக் காடு. கடலைப் பார்க்க வேண்டுமானால் ஒஸ்லோப் பக்கம்தான் போகவேண்டும். ஆறும் ஏரியும் கிட்ட இருப்பதால் கடற்காகங்கள் அங்கே புதியவை அல்ல. உழவு இயந்திரத்தின் பின்னால் பத்து இருபது திரியும், புரண்ட மண்ணில் புழுப் பொறுக்கும், போய்விடும். உழவருக்கு அதனால் நன்மையே தவிரத் தீமை இல்லை. இப்படிக் கூட்டமாக வந்து சலாதுக்கு மேல் குடியேறியது அந்த வருடம்தான்.

அவற்றின் நகம் பட்டுத் துணி கிழிந்தது. கிழிசலுக்குள் காற்றுப் புகுந்து துணியை முழுதாகத் தூக்கி எறிந்தது. திறந்து கிடந்த இடங்களில் கன்றுகள் மிதிபட்டன. எல்லாவற்றிலும் பெரிய தொல்லை எச்சம். சமைக்காமல் பச்சையாகத் தட்டுக்குப் போகிற இலை அது.

தோட்டக்காரர் ஹால்வோர் அறுபதை நெருங்குகிறவர். வாயைத் திறந்து நாலு வார்த்தை சொன்னால் அன்றைக்கு விசேஷம். அவர் முதலில் எரிவாயுவில் வெடிக்கும் பீரங்கி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அது இடிபோல முழங்கியது. முதல் நாள் கடற்காகங்கள் பதறிப் பறந்தன. மூன்றாம் நாள் தலையைத் திருப்பிப் பார்த்தன. ஐந்தாம் நாள் ஒன்று பீரங்கிக் குழாயின் மேலேயே ஏறி நின்றது. அதற்குள் கிராமத்தில் நாலைந்து வீட்டுக்காரர் முறைப்பாடு செய்துவிட்டார்கள். பருந்து வடிவப் பட்டம் கட்டினார். காற்று விழுந்ததும் பருந்தும் விழுந்தது. கடைசியாகச் சுடுவதற்கு அனுமதி கேட்டு எழுதினார். இது அடைகாக்கும் காலம், இந்த இனம் நாடு முழுவதும் குறைந்து வருகிறது, வேறு வழிகளைப் போதிய அளவு முயன்று பார்க்கவில்லை, ஆகவே அனுமதி இல்லை என்று இரண்டு பக்கத்தில் பதில் வந்தது. ஹால்வோர் அந்தக் கடிதத்தைத் தேநீர் அறை மேசையில் எறிந்துவிட்டு அனஸ்ரேசியாவைப் பார்த்தார்.

“நீ கடற்கரையில் பிறந்தவள். உங்கள் ஊரில் இதுக்கு என்ன செய்வீர்கள்?”

“எங்கட ஊரில் சலாது இல்லை, ஹால்வோர்,” என்றார் அனஸ்ரேசியா.

அவர் மன்னாரில் பேசாலைக்காரி. இருபத்தாறு வயதில் கலியாணம் முடித்து நோர்வேக்கு வந்தார். முதல் மூன்று வருடமும் வடக்கின் கடைக்கோடியில் ஒரு மீன் தொழிற்சாலையில், கணவர் கொன்ஸ்ரன்ரைனோடு அருகருகே நின்று மீன் வெட்டினார். பிறகு இருவரும் தெற்கே வந்து ஒஸ்லோவின் ஹொல்ம்லியாவில் குடியேறினார்கள். கணவர் பஸ் ஓட்டப் போனார். அனஸ்ரேசியா ஓர் ஆஸ்பத்திரியின் பெரிய சமையல் குசினியைத் துப்புரவாக்கும் வேலைக்குப் போய், அதிலேயே பன்னிரண்டு வருடம் நின்றார். மகள் மேரின் படித்து முடித்துத் திராமன் நகரில் வேலையாகிப் போன பின், வாடகை வீட்டை விட்டு லில்லெஸ்ட்ரோமுக்கு மாறினார்கள். துப்புரவு ஒப்பந்தம் வேறு நிறுவனத்துக்குப் போனபோது அவருடைய வேலையும் போயிற்று. ஒரு கோடைக்கு மட்டும் என்று சொல்லித்தான் இந்தத் தோட்டத்துக்கு வந்தார். எட்டுக் கோடை ஆகிவிட்டது. இப்போது அறுவடை ஆட்களுக்குப் பொறுப்பாக இருப்பவர் அவர்தான். ஒவ்வொரு நாளும் வெட்டியது சுத்தமானது என்று உறுதிசொல்லும் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதும் அவர்தான்.

ஆஸ்பத்திரிக் குசினியில் அவரைப் பற்றி ஒரு கதை உண்டு. ஒரு மூலையில், சுவரும் நிலமும் சேரும் இடத்தில், கறுப்பாக ஒரு கறை வந்துகொண்டே இருந்தது. எல்லோரும் வாரத்துக்கு ஒருமுறை தேய்த்துவிட்டுப் போவார்கள். அனஸ்ரேசியா ஒருநாள் தேய்க்காமல் அதன் முன்னால் குந்தியிருந்தார். ஒரு வாரம் முழுக்க, நாளும் வேலை முடிந்தபின் பத்து நிமிடம் அப்படி இருந்து பார்த்து, ஆறு மீற்றர் தள்ளி நின்ற பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் பின்குழாயில் ஒழுகுகிறது என்று கண்டுபிடித்தார். குழாயை மாற்றினார்கள். கறை பிறகு வரவில்லை. அதற்கு அவருக்கு எவரும் விருது கொடுக்கவில்லை. அவரும் அதைப் பெரிதாகக் கதைத்ததில்லை. ஆனால் அந்தக் குந்தியிருந்து பார்க்கிற குணம் அவரை விட்டுப் போகவில்லை.

ஜூன் நடுவில் மூன்றாம் பகுதி அறுவடைக்கு வந்தது. வார இறுதிக்காக ஒரு பெரிய கடைத் தொடருக்குப் போகவேண்டிய சலாது. பதினொரு மணிக்கு லொறி வரும். எட்டுப் பேர் கத்தியோடு வரிசையில் நின்றார்கள். வழக்கம்போல அனஸ்ரேசியா அவர்களுக்கு முன்னால் நடந்து, எச்சம் பட்ட செடி கண்ட இடத்தில் சிவப்புக் கொடி குத்திக்கொண்டு போனார். நாலு வரிசை முடிவதற்குள் கையிலிருந்த கொடிகள் தீர்ந்துவிட்டன. அவர் திரும்பி வந்து கத்திகளை உறையில் போடச் சொன்னார்.

ஹால்வோர் வந்து பார்த்தார். பழுதானதை விட்டுவிட்டு மற்றதை வெட்டலாமே என்றார். நோர்வேயில் முதலாளியும் தொழிலாளியும் ஒருவரையொருவர் ‘நீ’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஆனாலும் அன்றைக்கு அந்தச் சொல் அனஸ்ரேசியாவுக்கு எளிதாக வரவில்லை. நேற்றைய மழை மேலிருந்ததைக் கழுவி நடுக்குருத்துக்குள் இறக்கியிருக்கும், கண்ணுக்குத் தெரிகிறதை விடத் தெரியாததுதான் கூட, என்று அவர் விளக்கினார்.

“லொறி வந்துகொண்டிருக்கிறது,” என்றார் ஹால்வோர்.

“தெரியும். நான் கையெழுத்துப் போடமாட்டன்.”

“நான் போட்டால்?”

“போடலாம். தோட்டம் உன்ர. ஆனால் நான் வெட்டமாட்டன், இவையளையும் வெட்டச் சொல்லமாட்டன். பன்னிரண்டு வருசம் ஆஸ்பத்திரிக் குசினியில நிண்டனான். இந்தச் சலாது ஆரின்ர தட்டுக்குப் போகும் எண்டு எனக்குத் தெரியும்.”

ஹால்வோர் திரும்பி நடந்துபோனார். லொறி வெறுமையாகத் திரும்பியது. பின்னேரம் அவரே உழவு இயந்திரத்தில் ஏறி, மூன்றாம் பகுதி முழுவதையும் மண்ணோடு புரட்டினார். தலை நிறைந்து, பச்சைப் பசேலென்று நின்ற சலாது அது. அனஸ்ரேசியா பார்த்துக்கொண்டு நின்றார். ஏப்ரல் குளிரில் முழந்தாளில் நின்று அந்தக் கன்றுகளை நட்டவர்களில் அவரும் ஒருத்தி.

வீட்டுக்கு வந்து கணவரிடம் நடந்ததைச் சொன்னார். கொன்ஸ்ரன்ரைன் முழுக் கதையையும் கேட்டார்.

“இஞ்சேருங்கோ, நான் செய்தது சரிதானே?”

“சரிதான். ஆனா நீர் அதை எல்லாருக்கும் முன்னால சொல்லியிருக்கத் தேவையில்லை. நாளைக்கு வேலை இல்லையெண்டு சொன்னா என்ன செய்வீர்?”

அதுதான் அனஸ்ரேசியாவின் பயமும். இந்த வயதில் புதிதாக ஓர் இடத்தில் போய்த் தன்னை நிரூபித்துக் காட்ட அவருக்குத் தெம்பு இருக்கவில்லை. காலையில் வழக்கமான நேரத்துக்கே தோட்டத்துக்குப் போனார். ஹால்வோர் கொட்டகை வாசலில் நின்றார். ஒரு திறப்புச் சாவியை நீட்டினார். நீர்ப்பாசனக் குளத்தின் பக்கத்தில் நீர் இறைக்கும் பம்பி இருந்த அறையின் திறப்பு. அறுவடையைத் தான் பார்த்துக்கொள்வதாகவும், அவர் இனிமேல் பறவைகளைப் பார்க்கட்டும் என்றும் சொன்னார். எத்தனை நாள் என்று அனஸ்ரேசியா கேட்டார். தெரியும் வரைக்கும் என்றார் ஹால்வோர்.

அனஸ்ரேசியா ஒரு காலிப் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு, பம்பி அறைச் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தார். வேலை நேரத்தில் சும்மா இருப்பது முதல் நாள் அவருக்குப் பெரிய அவமானமாக இருந்தது. வரிசையில் குனிந்து வெட்டிக்கொண்டிருந்த லித்துவேனியப் பெண்கள் தன்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று நினைத்தார். பிறகு பார்க்கத் தொடங்கினார், நினைப்பு மறந்துபோயிற்று.

இரண்டு நாளில் ஒன்று தெளிவாயிற்று. கடற்காகங்கள் வயலில் எதையும் தின்னவில்லை. அத்தனை பேரும் அவை பசியில் வந்து விழுகின்றன என்றே நினைத்திருந்தார்கள். அவை வந்ததும் முதலில் குளத்தில் இறங்கின. தலையை முக்கி, செட்டையை அடித்து, ஆசை தீரக் குளித்தன. பிறகு பறந்துபோய் வெள்ளைத் துணியில் இருந்து காய்ந்தன. வெயிலில் அந்தத் துணி இளஞ்சூடாக இருக்கும். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வந்து குளித்துப் படுக்கிற கூட்டம் இது. அப்படியானால் சாப்பாடு வேறெங்கோ இருக்கிறது.

குளத்து நீரில் மாதிரி எடுக்கச் சாய் வந்தார். முப்பத்தைந்து வயது, ஈரோட்டுக்காரர், மரக்கறி வாங்கும் கூட்டுறவில் தரம் பார்ப்பவர். முதல் வருடத்தில் அனஸ்ரேசியா கதைப்பது பாதியும் தனக்குப் புரியவில்லை என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தவர். இப்போது ‘கதைக்கிறது’ என்ற சொல்லைத் தானும் பழகிவிட்டார். நீரில் கிருமி அளவு மீறியிருந்தது. குளத்து நீரைப் பாவிக்காமல் ஆற்றிலிருந்து நீர் இறைக்கும்படி சொன்ன சாய், ஹால்வோர் தள்ளிப் போனதும் குரலைத் தாழ்த்தினார்.

“அக்கா, அந்த லோடை நீங்க நிறுத்தினது ரொம்ப பெரிய விஷயம். நான் யார்கிட்டயும் இப்படிச் சொன்னதில்ல.”

தேத்தண்ணி குடிக்கிறீரோ தம்பி என்று அனஸ்ரேசியா கேட்டார்.

அனஸ்ரேசியாவிடம் ஒரு குறிப்புக் கொப்பி இருந்தது. ஆஸ்பத்திரிக் குசினியில் குளிர்ப்பெட்டிகளின் வெப்பநிலையை எழுதிய பழக்கம். தோட்டத்திலும் மழை, பனி, முதல் பூச்சி எல்லாவற்றையும் எழுதுவார். மே மாதத்திலிருந்து கடற்காகங்கள் வந்து இறங்கும் நேரத்தையும் எழுதி வைத்திருந்தார். ஞாயிறுகளில் நீர்ப்பாசனம் பார்க்க வருவதும் அவரே என்பதால் ஒரு நாளும் விடுபடவில்லை. ஒரு பின்னேரம் வீட்டுக் குசினி மேசையில் அதைப் புரட்டிக்கொண்டிருந்தவர் கணவரைக் கூப்பிட்டார். திங்கள் முதல் சனி வரை எட்டு மணிக்குச் சற்றுப் பின். ஞாயிறுகளில் பத்து மணிக்குப் பின். ஐந்து ஞாயிறும் அப்படியே.

கொன்ஸ்ரன்ரைன் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். “பூசைக்குப் போயிட்டு வருகுதுகளாக்கும்,” என்றார்.

அனஸ்ரேசியா சிரிக்கவில்லை. “கடற்காகத்துக்கு ஞாயிற்றுக்கிழமை எண்டு தெரியாதப்பா. ஆரோ ஒரு மனிசருக்குத் தெரியுது. அவர் ஞாயிறுகளில ரெண்டு மணித்தியாலம் பிந்தி எழும்புறார்.”

கொன்ஸ்ரன்ரைன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மனைவியைப் பார்த்தார். இருபத்தேழு வருடம் கூட வாழ்ந்தவரைப் புதிதாகப் பார்ப்பதுபோல இருந்தது அந்தப் பார்வை. அடுத்த ஞாயிறு தானே காரில் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார்.

அதற்கு முதல்நாள் குளக்கரையில் அனஸ்ரேசியாவுக்கு ஒரு சான்றும் கிடைத்தது. நீரில் ஊறி உப்பிய பாதி பணிஸ் ரொட்டி; கறுவாவும் சீனியும் தூவியது. காட்டுக்குள் பணிஸ் காய்ப்பதில்லை.

ஞாயிறு பின்னேரம் ஒஸ்லோத் தேவாலயம் ஒன்றில் தமிழ்ப் பூசை இருந்தது. தோட்டத்திலிருந்து நேரே போவதற்காக அனஸ்ரேசியா காலையிலேயே நீலச் சேலையை உடுத்து, மேலே மழை மேற்சட்டை போட்டுக்கொண்டு காரில் ஏறினார். கடற்காகங்கள் எப்போதும் வடகிழக்குக் காட்டு மேட்டுக்கு மேலாலேயே வந்தன. அந்தப் பக்கம் போகிற ஒரே சரளைத் தெருவில் கொன்ஸ்ரன்ரைன் மெதுவாக ஓட்டினார். மேட்டைத் தாண்டியதும், ஒரு பன்றிப் பண்ணையின் மேல் வெள்ளையாகச் சுழன்றுகொண்டிருந்த கூட்டம் தெரிந்தது. முற்றத்தில் பெரிய இரும்புக் கொள்கலம் ஒன்று, மூடி திறந்தபடி. அதற்குள் பாண், பணிஸ், கேக். பேக்கரிகளில் விற்காமல் மிஞ்சி, பன்றிகளுக்குத் தீனியாக வந்தவை. கடற்காகங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறித் தின்றன.

அந்தப் பண்ணை லீசாவுடையது. ஹால்வோரும் லீசாவும் ஆறு வருடமாக முகம் பார்ப்பதில்லை என்பது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். இரு நிலத்துக்கும் நடுவே ஓடும் வடிகாலை யார் துப்புரவாக்குவது என்று தொடங்கிய பிணக்கு, கடிதத்தில் வளர்ந்து, மௌனத்தில் முடிந்திருந்தது. இன்னொரு நாள் வரலாம் என்றார் கொன்ஸ்ரன்ரைன். அனஸ்ரேசியா இறங்கிவிட்டார்.

பன்றிக் கொட்டிலிலிருந்து வெளியே வந்த லீசா, தன் முற்றத்துச் சேற்றில் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்துவரும் பெண்ணைக் கண்டு வாளியைக் கீழே வைத்தார். எந்தத் தோட்டம் என்று கேட்டு அறிந்ததும் முகம் இறுகிற்று.

“ஹால்வோர் அனுப்பினானா?”

“இல்லை. நான் இங்கை வந்தது அவருக்குத் தெரியாது. ஒரு கேள்வி கேட்க வந்தனான். ஞாயிறுகளில் பன்றிகளுக்கு எத்தனை மணிக்குத் தீனி போடுவாய்?”

எட்டு மணிக்கு என்றார் லீசா. மற்ற நாட்களில் ஆறுக்கு. கிழமையில் ஒரு நாளாவது படுத்திருக்க வேண்டாமா என்று முறைப்பாகக் கேட்டார். அனஸ்ரேசியாவுக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. கொப்பியை எடுத்துக் காட்டி, நேரங்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டு விளக்கினார். தன் தூக்கத்தைப் பறவைகள் கணக்கு வைத்திருக்கின்றன என்று கேட்டதும் லீசாவின் முகம் மெல்ல இளகிற்று.

பிறகு அவர் உண்மையைச் சொன்னார். போன குளிர்காலத்தில் பனிக்கட்டியில் வழுக்கி விழுந்ததில் வலது தோள் முறிந்து, கை தோளுக்கு மேல் எழும்புவதில்லை. இரும்பு மூடியைத் தள்ளித் திறக்க முடிகிறது; இழுத்து மூட முடியவில்லை. மதியம் மகன் வந்து மூடும் வரை அது திறந்தே கிடக்கும். தின்பதை விடப் பறவைகள் அசிங்கப்படுத்துவதுதான் கூட என்றும், பாதிப் பாணைக் கொட்டவேண்டியிருக்கிறது என்றும் சொன்னார். ஒருவரிடமும் உதவி கேட்கவில்லை. ஏனென்று அனஸ்ரேசியா கேட்கவுமில்லை. அவர் கொள்கலத்தைச் சுற்றி நடந்து, மூடியின் உயரத்தைக் கையால் அளந்து பார்த்தார்.

திங்கள் காலை ஹால்வோரிடம் எல்லாவற்றையும் சொன்னார். லீசாவின் பெயரைக் கேட்டதும் ஹால்வோர் யன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கினார். தோட்டத்தில் முந்தி ஸ்ட்ரோபெரிக்குப் போட்ட பறவை வலை சும்மா கிடக்கிறது, அதை ஒரு குழாயில் சுற்றி, ஒற்றைக் கையால் உருட்டி மூடும்படி கொள்கலத்தில் பூட்டலாம் என்றார் அனஸ்ரேசியா.

“வலை பழைய கொட்டகையில் மேலே இருக்கிறது,” என்றார் ஹால்வோர் கடைசியில். “ஏணி எடுத்துக்கொண்டு போ.”

அனஸ்ரேசியாவும் இரண்டு லித்துவேனியப் பெண்களும் இரண்டு நாள் பின்னேரம் அங்கே வேலை செய்தார்கள். குழாயைச் சுற்றுவதற்குக் கைபிடி ஒன்றை இரும்போடு உருக்கி ஒட்டவேண்டியிருந்தது. அவர்களுக்கு ஒட்டத் தெரியாது. மூன்றாம் நாள் ஒட்டும் இயந்திரத்தைக் காரில் ஏற்றிக்கொண்டு ஹால்வோர் லீசாவின் முற்றத்துக்கு வந்தார். குழாயின் விட்டம் என்ன என்று அவர் கேட்டார். லீசா சொன்னார். கைபிடி எந்தப் பக்கம் வேண்டும் என்று கேட்டார். இடப்பக்கம் என்றார் லீசா. அன்றைக்கு இருவரும் கதைத்தது அவ்வளவுதான். அதுவே அதிகம் என்று மற்றவர்களுக்குத் தோன்றிற்று.

உடனே பலன் கிடைத்திருந்தால் கதை அழகாக இருக்கும். கிடைக்கவில்லை. தீனி அடைபட்ட கடற்காகங்கள் அடுத்த நாலு நாளும் குளத்துக்கு முந்தியதைவிட நேரத்தோடு வந்தன. ஐந்தாம் நாள் எண்ணிக்கை இருநூறைத் தொட்டது. தேநீர் அறையில் பெண்கள் அனஸ்ரேசியாவைப் பார்க்காமல் கோப்பையைக் கழுவினார்கள். வீட்டில் கொப்பியைத் திறக்கவே மனமில்லாமல் இருந்தது. ஆனாலும் எழுதினார். எழுதும்போது ஒன்று கவனித்தார்: ஒவ்வொரு நாளும் அவை தங்கும் நேரம் குறைந்துகொண்டு வந்தது. குளிக்கத் தண்ணீர் இருப்பதால் வருகின்றன. வயிறு நிறையாததால் தூங்குவதில்லை. இனிக் குளத்தையும் மூடினால் வருவதற்குக் காரணமே இராது.

குளத்தை எதைக் கொண்டு மூடுவது? நீருக்கு மேல் குறுக்கே, இரண்டு முழத்துக்கு ஒன்றாகத் தங்கூசி கட்டினால் போதும் என்று அனஸ்ரேசியா நினைத்தார். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் அந்த மீன்பிடி நூலில் செட்டை பட்டுவிடும் என்று பயந்து, அகலமாக விரித்து இறங்குகிற பறவை இறங்காது. வடக்கில் மீன் தொழிற்சாலைக் கூரையில் அப்படிக் கட்டியிருந்ததைக் கண்டவர் அவர். சாய் இணையத்தில் தேடிப் பார்த்து, இப்படி வேறு நாடுகளிலும் செய்கிறார்கள் என்று உறுதிப்படுத்தினார்.

அதில் ஒரு சிக்கல். பம்பி அறைக் கூரையில் ஒரு சோடி கடற்காகம் கூடு கட்டி, அந்தக் கிழமைதான் மூன்று குஞ்சு பொரித்திருந்தது. குஞ்சு வந்தபின் குளத்துக்குக் கிட்டப் போனாலே தாயும் தகப்பனும் கத்திக்கொண்டு தலைக்கு நேரே பாயும். இரண்டாம் முறை அலகால் கொத்து வாங்கியபின் அனஸ்ரேசியா தலையில் ஒரு பிளாஸ்ரிக் வாளியைக் கவிழ்த்துக்கொண்டு வேலை செய்தார். ஹால்வோர் அவரை அந்தக் கோலத்தில் கண்டு, கூட்டை எடுத்துவிடலாம், ஒரு கூடுதானே, யாருக்குத் தெரியும் என்றார்.

“எனக்குத் தெரியும்,” என்றார் அனஸ்ரேசியா வாளிக்குள்ளிருந்து. “அதைவிட, நீ கவனிக்கவில்லையா? மற்றக் கடற்காகங்கள் இந்த மூலைக்கு வாறதில்லை. இந்த ரெண்டும் விடாது. எங்களுக்காகச் சம்பளம் இல்லாமல் வேலை செய்யுதுகள்.”

ஹால்வோர் சற்று நேரம் கூரையை அண்ணாந்து பார்த்தார். பிறகு தானும் ஒரு வாளியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நூலின் மறுமுனையைப் பிடிக்க வந்தார். பம்பி அறை மூலையில் ஐந்து மீற்றரைத் திறந்து விட்டு, மற்ற இடமெல்லாம் கட்டி முடிக்க மூன்று நாள் எடுத்தது. லித்துவேனியப் பெண்கள் அவர்கள் இருவரையும் படம் எடுத்து வைத்திருக்கிறார்கள்.

ஜூலை தொடங்கி ஒரு வாரத்தில் கூட்டம் நாற்பதாகக் குறைந்தது. அடுத்த வாரம் பதினைந்து. பிறகு உழுகிற நாட்களில் மட்டும் இயந்திரத்தின் பின்னால் பழையபடி சில வந்து புழுப் பொறுக்கின. கூரைச் சோடியின் மூன்று குஞ்சுகளில் இரண்டு பறந்துபோயின. ஒன்றை நரி கொண்டுபோய்விட்டது. நாலாம் பகுதிச் சலாது அறுவடைக்கு வந்தபோது அனஸ்ரேசியா முன்னால் நடந்தார். கொடிகள் கையிலேயே இருந்தன. சாய் ஆய்வு முடிவைத் தொலைபேசியில் சொன்னார்.

“சுத்தமா இருக்குக்கா. ஒண்ணுமே இல்ல.”

அனஸ்ரேசியா பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, கொட்டகைக்குப் பின்னால் போய்க் கொஞ்ச நேரம் தனியாக நின்றார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு பெட்டிகளை எண்ண வந்தார்.

நவம்பரில் லில்லெஸ்ட்ரோமில் மரக்கறித் தோட்டக்காரரின் கூட்டம் நடந்தது. நடந்ததை அங்கே வந்து சொல்லும்படி ஹால்வோரைக் கேட்டிருந்தார்கள். அவர் தான் பேசமாட்டேன், செய்தவரே பேசட்டும் என்று சொல்லிவிட்டார். அனஸ்ரேசியா இரண்டு கிழமை தூக்கமில்லாமல் தயாரானார். நோர்வேஜிய வசனங்களைத் தமிழ் எழுத்தில் எழுதி, பஸ் ஓட்டிக் களைத்து வந்த கணவரை இருத்தி வாசித்துக் காட்டினார். மேடையில் ஏறி வாசிக்கத் தொடங்கினார். நாலாவது வசனத்தில் தாளைக் கீழே வைத்துவிட்டுக் கொப்பியைத் திறந்தார். அதன்பின் எழுபது தோட்டக்காரரும் அசையாமல் கேட்டார்கள். பின்வரிசையில் லீசா இருந்தார். அவருக்குப் பக்கத்துக் கதிரையில் ஹால்வோர்.

முடிவில் முன்வரிசையிலிருந்த ஒருவர், மொத்தம் எத்தனையைக் கொன்றீர்கள் என்று கேட்டார்.

“ஒண்டையும் இல்லை,” என்றார் அனஸ்ரேசியா. “அதுகளுக்குச் சாப்பாடு எங்கை எண்டு பார்த்தம். அவ்வளவுதான்.”

அன்றைக்கு அவருடைய தொலைபேசி எண்ணைப் பதினொரு பேர் வாங்கிக்கொண்டார்கள். குளிர்காலம் முழுவதும் எவரும் அழைக்கவில்லை. ஏப்ரல் கடைசியில் திராமன் பக்கத்திலிருந்து ஒரு ஸ்ட்ரோபெரித் தோட்டக்காரர் அழைத்தார். ஹால்வோர் ஒரு நாள் சம்பளத்தோடு அனுப்பிவைத்தார். மேரின் திராமன் ரயில் நிலையத்தில் தாயை ஏற்றிக்கொண்டு போனாள். அந்தத் தோட்டக்காரர் பதற்றமான மனிதர்; போனவுடனேயே வயலைக் காட்டி, தான் வாங்கிய பீரங்கியைக் காட்டி, ஓட்டிப் பார்த்த நாயைக் காட்டி, மூச்சுவிடாமல் முறையிட்டார். அனஸ்ரேசியா எல்லாவற்றையும் கேட்டார். பிறகு உட்காருவதற்கு ஏதாவது இருக்குமா என்று கேட்டார். அவர் ஒரு மடிப்புக் கதிரை கொண்டுவந்து கொடுத்தார். அனஸ்ரேசியா அதை வயலின் ஓரத்தில் போட்டு, மேற்சட்டையின் பொத்தான்களைப் பூட்டிக்கொண்டு, புதிய கொப்பி ஒன்றைத் திறந்து முதல் பக்கத்தில் அன்றைய தேதியை எழுதினார்.